கேள்விக்குறியை அழிச்ச சேனலுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கார்ட்டூனுக்கு கலர் அடிச்சு, "4கே"ன்னும் "60 எஃப்பிஎஸ்"னும் (செகண்டுக்கு 60 ஃப்ரேமாம்) தலைப்புல போட்டு, மேல தமிழ் டப்பிங் ஒட்டி ஏத்துற சேனலை நடத்துறவங்களுக்கு. பேரைப் போடல, ரெண்டு பாரா படிச்சா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலைல காபி டம்ளரோட ஒக்காந்து மெயிலைத் திறந்தேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி நான் ஏத்தி வெச்சிருந்த, நூறு வருஷத்துக்கு முந்தின ஃபெலிக்ஸ் பூனை மௌன கார்ட்டூன் மேல காப்பிரைட் க்ளெய்ம், க்ளெய்ம் பண்ணினது உங்க சேனல். என் பீரோல இருக்குற ரீலு, நானே மூணு ராத்திரி தூங்காம ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்த ஸ்கேனு, அதை நானே ஹார்ட் டிஸ்க்ல போட்டு உங்க ஆளு கையில குடுத்தேன், இப்ப அது உங்களுதாம், நான்தான் எடுத்துப் போட்டுட்டேனாம். முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் உங்க சேனலுக்குப் போயி அந்த ரீலை என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு பாத்தேன். பாத்தப்புறம் சிரிப்பு வரல. தனியா ரெண்டு மெயில் போட்டேன், ஒண்ணுக்கு "பாத்துக்கறோம்ணா"ன்னு பதில், இன்னொண்ணுக்கு அதுவும் இல்ல, அதனால எல்லாரும் படிக்கிற எடத்துலயே எழுதுறேன்.

எப்படி ஆரம்பிச்சதுன்னு ஞாபகப்படுத்துறேன். போன வருஷம் ஆடி மாசம் ஒரு தம்பி கோயமுத்தூர்ல எங்க வீட்டுக்கு வந்தாரு, உங்க சேனல்ல எடிட்டிங் பாக்குறவரு. நல்ல பையன், நிஜமாவே ஆர்வமா பேசினாரு. மொட்டை மாடில வேட்டி கட்டி அதுல ரெண்டு ரீல் ஓட்டிக் காமிச்சேன். ப்ரொஜெக்டர் ஒரு ஸ்கூல்ல கழிச்சுப் போட்டு காயலான் கடைல எடைக்குக் கெடந்தது, பெல் அண்ட் ஹவல், பெல்ட் மாத்தி லேம்ப் தேடிப் புடிச்சு ஓட வெக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அந்த டகடக சத்தத்துல பூனை தன் வாலைக் கழட்டி கைத்தடியா ஊனி நடந்ததும் அந்தத் தம்பி "அய்யோ, இது நூறு வருஷத்துக்கு முன்னாடியாங்ணா"ன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக் குடுத்தேன். காசு வாங்கல, பேப்பர்ல எழுதியும் வாங்கல, என் தப்புதான். வாயால ரெண்டு கண்டிஷன் மட்டும் சொன்னேன், படத்தை அப்படியே போடணும், எந்த ரீல்ல இருந்து வந்ததுன்னு கீழ எழுதணும். "கண்டிப்பாங்ணா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. தம்பி மேல எனக்கு இப்பவும் கோவம் இல்ல. முடிவு எடுத்தது அவரு இல்லன்னு தெரியும்.

அந்த ரீலைப் பத்தி முதல்ல சொல்லணும், ஏன்னா நீங்க ஃபைலை மட்டும்தான் பாத்தீங்க, ரீலைக் கையில எடுத்துப் பாக்கல. அமெரிக்காவுல ஒரு வீட்டைக் காலி பண்ணினவங்க ஈபேல போட்ட தகர டப்பா, மேல ஒட்டின லேபிள்ல "பூனை"ன்னு மட்டும் பென்சில்ல எழுதியிருந்துச்சு. ரீலுக்குக் குடுத்ததை விட ஷிப்பிங்குக்கு ஜாஸ்தி. டப்பாவைத் திறந்ததும் லேசா வினிகர் வாடை, நம்ம வீட்டுல பழைய ஊறுகாய் ஜாடி திறந்தா வருமே அந்த மாதிரி. அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பிச்சா அசிட்டிக் அமிலம் விடும், அந்த அமிலமே மறுபடி ஃபிலிமை இன்னும் வேகமா அரிக்கும், ஃபிலிம் சுருங்கி, நெளிஞ்சு, ஒரு நாள் ப்ரொஜெக்டர்லயே போகாது. சுருக்கமா சொன்னா அந்த ரீலுக்கு நாள் எண்ணியாச்சு. அதனாலதான் ப்ரொஜெக்டர்ல ஓட்டாம, இன்னொரு பழைய மெஷின்ல ஃபிலிமைப் புடிச்சு நிறுத்துற சட்டத்தைக் (கேட்டுன்னு சொல்லுவோம்) கழட்டி, ஸ்டெப்பர் மோட்டார் மாட்டி, மேக்ரோ லென்ஸ் வெச்சு ஒவ்வொரு ஃப்ரேமா போட்டோ எடுத்தேன். 16 மிமீ ஃபிலிம்ல ஒரு அடிக்கு 40 ஃப்ரேம். ரீலு 230 அடி. 9,200 ஃப்ரேம். மூணாவது ராத்திரி கரண்ட் போயி பாதில நின்னுச்சு, ஃபிலிமைத் தொடாம விடியற வரைக்கும் டார்ச் அடிச்சுட்டு ஒக்காந்திருந்தேன்.

ஸ்கேன் பண்ணும்போது ஃபிலிமோட விளிம்புல இருந்து விளிம்பு வரைக்கும் எடுத்தேன், ஓட்டை உட்பட. அதுக்குக் காரணம் இருக்கு. கோடாக் கம்பெனி ஃபிலிம் விளிம்புல சின்னச் சின்ன உருவம் அச்சடிப்பாங்க, வட்டம், சதுரம், முக்கோணம், அதை வெச்சு ஃபிலிம் தயாரான வருஷம் கண்டுபுடிக்கலாம். 20 வருஷத்துக்கு ஒரு தடவை அதே உருவம் திரும்ப வரும். என் ரீல்ல முக்கோணமும் வட்டமும் இருக்கு, அப்படின்னா 1926, இல்லாட்டி 1946, அதுவும் இல்லாட்டி 1966. ரெண்டு பக்கமும் ஓட்டை இருக்கு, அம்பர் கலர்ல டின்ட் பண்ணியிருக்கு, டைட்டில் கார்டுல இருக்குற எழுத்து இருபதுகள் ஸ்டைல், இதையெல்லாம் கூட்டிப் பாத்தா 1926 பக்கம்தான் சாயுது. சேகரிக்கிறவனுக்கு இதுதான் ருசி. கோயில் கல்வெட்டுல ஒரு எழுத்தோட வளைவைப் பாத்து எந்த ராஜா காலம்னு சொல்றாங்க இல்ல, அதே மாதிரி நாங்க ஓட்டையையும் ஓரத்தையும் பாக்குறோம்.

நீங்க அந்த ஓரத்தை வெட்டிட்டீங்க. டைட்டில் கார்டையும் தூக்கிட்டீங்க, "முதல் பத்து செகண்ட்ல ஆளுங்க ஓடிடுவாங்க"ன்னு. அந்த டைட்டில் கார்டு தியேட்டர்ல வந்தது இல்ல, வீட்டுல போட்டுப் பாக்குறதுக்குன்னு 16 மிமீல வித்தவங்க போட்டது, படத்தோட பேரையே மாத்தி வெச்சிருப்பாங்க. அந்தக் காலத்து வீட்டு ரீல்ல இது சகஜம், நீளமான படத்தை வெட்டிச் சின்னதாக்கி புதுப் பேரு வெச்சு விப்பாங்க. அதனால எந்த ரீல் எந்தப் படம்னு தேடுறவங்களுக்கு அந்த கார்டு ஒரு தடயம். நீங்க தூக்கிப் போட்டது தடயத்தை.

இது என்னமோ பெரிய விஷயமா எதுக்குடா பேசுறான்னு தோணலாம். ஒரு கதை சொல்றேன், கதை இல்ல, நடந்தது. மிக்கிக்கு முன்னாடி வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ 1927-லயும் 28-லயும் ஆஸ்வால்ட்னு ஒரு முயலை வெச்சு 26 கார்ட்டூன் செஞ்சாங்க, யுனிவர்சல் மூலமா வெளியாச்சு. அப்புறம் பிசினஸ் சண்டைல முயல் கைவிட்டுப் போச்சு, அதுக்கு அப்புறம்தான் எலி. 2006-ல டிஸ்னி கம்பெனி அந்த முயலைத் திரும்ப வாங்கினப்ப பதிலுக்கு ஆல் மைக்கேல்ஸ்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கமென்டேட்டரை ஒப்பந்தத்துல இருந்து விட்டுக் குடுத்தாங்க, முயலுக்கு மனுஷன். ஆனா உரிமை வந்துச்சே தவிர படம் நெறைய கையில இல்ல. யுனிவர்சல் தன்கிட்ட மிச்சம் இருந்த மௌனப்பட நெகடிவ்களை 1948-ல அழிச்சிருந்தாங்க. காணாமப் போன ஆஸ்வால்ட் படங்கள் எங்கிருந்து வந்துச்சு? ஒண்ணு 2014-ல நார்வே தேசிய நூலகத்துல கெடைச்சுச்சு. ஒண்ணு 2015-ல பிரிட்டன் சினிமா அமைப்பான பிஎஃப்ஐ-யோட காப்பகத்துல. இன்னொண்ணுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. 2018-ல ஜப்பான்ல யசுஷி வதனாபேன்னு அனிமேஷன் வரலாற்று ஆராய்ச்சியாளர், வயசு 84, ஸ்கூல் படிக்கிற வயசுல ஒசாகால பொம்மைக் கடை மொத்த வியாபாரிகிட்ட 500 யென்னுக்கு வாங்கின 16 மிமீ ரீலு. அதுல மிக்கின்னு தப்பா பேரு எழுதியிருந்துச்சு. எழுபது வருஷம் வீட்டுல வெச்சிருந்தாரு. எடுத்துச் சரி பாத்தா தொலைஞ்சு போச்சுன்னு எல்லாரும் நெனச்ச ஆஸ்வால்ட் படம், வெறும் ரெண்டு நிமிஷம் சொச்சம்தான் மிச்சம், ஆனா இருக்கு.

அந்தப் பையன் அன்னைக்கு அதை விளையாட்டுக்கு வெட்டிப் போட்டிருந்தா? லேபிள் தப்புன்னு தூக்கி எறிஞ்சிருந்தா? வீட்டு ரீலுக்கு எவ்வளவு மதிப்புன்னு இதுல இருந்தே தெரியும். தியேட்டர்ல ஓடின 35 மிமீ ஃபிலிம் நைட்ரேட், பத்திக்கிட்டா தண்ணி ஊத்தினாலும் அணையாது, தானாவும் பொடிப் பொடியா உதிரும், 1937-ல நியூஜெர்சில லிட்டில் ஃபெர்ரில ஃபாக்ஸ் கிடங்கு எரிஞ்சதுல எத்தனையோ மௌனப்படம் அப்படியே சாம்பல். 1923-ல கோடாக் 16 மிமீ கொண்டு வந்தப்ப வீட்டுல பாக்குறதாச்சேன்னு லேசுல பத்திக்காத சேஃப்டி ஃபிலிம்ல, அதான் அந்த அசிடேட்ல, கொண்டு வந்தாங்க. அதனாலதான் ஸ்டுடியோ பாதுகாப்பா வெச்ச நெகடிவ் போயிட்டு, எவரோ ஒருத்தர் பொறந்தநாளுக்குக் குழந்தைக்கு வாங்கிக் குடுத்த ரீல் மிஞ்சியிருக்கு. நம்ம ஊர்க் கதை இதை விட மோசம். நடராஜ முதலியார் சென்னைல எடுத்த கீசக வதம், தென்னிந்தியாவோட முதல் மௌனப்படம்னு பாடப்புத்தகத்துல படிக்கிறோம், பாக்குறதுக்கு படம் இல்ல. அதனால எவனோ வெளிநாட்டுக்காரன் பூனைக்கு எதுக்கு இந்த ஆளு துடிக்கிறான்னு கேட்டா, கையில இருக்கும்போது தொலைக்கிற பழக்கத்தை நான் ஏற்கனவே பாத்தவன், அதான்.

சரி, இப்ப படத்துக்குள்ள வர்றேன். என் கோவத்துல பெரும் பங்கு இங்கதான்.

என் ரீல்ல நாலாவது நிமிஷம் பக்கம் ஒரு இடம். ஃபெலிக்ஸ் கையைப் பின்னால கட்டிக்கிட்டு முன்னும் பின்னும் நடக்குறான். அந்த நடைதான் அவனோட அடையாளம், கடன் வாங்கினவன் வட்டிக்காரன் வீட்டு வாசல்ல நடக்குற மாதிரி. மேல ஜன்னல்ல ஒரு சாப்பாட்டுத் தட்டு, எட்டல. யோசிக்கிறான், தலைக்கு மேல ஒரு கேள்விக்குறி எழும்புது. அப்படியே நிமிந்து பாக்குறான், அந்தக் கேள்விக்குறியைக் கையால புடிச்சு எறக்கி, தலைகீழா திருப்பி, ஜன்னல் விளிம்புல கொக்கி மாதிரி மாட்டி, தொங்கி மேல ஏறிடுறான். ஆறு செகண்டுதான். ஒரு வார்த்தை இல்ல. சந்தேகமே ஏணியாயிடுச்சு. மௌனகால கார்ட்டூனோட மொத்த அழகும் எனக்கு அந்த ஆறு செகண்டுல இருக்கு, ஏன்னா அங்க எல்லாமே மையும் பேப்பரும்தான், பூனையும் மை, கேள்விக்குறியும் மை, அதனால ஒண்ணு இன்னொண்ணா மாறினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

உங்க வீடியோல கேள்விக்குறி இல்ல. நான் மூணு தடவை பின்னாடி போயிப் பாத்தேன். உங்க சாஃப்ட்வேர் தூசியைத் துடைக்கிறேன்னு தலைக்கு மேல பறக்குற கருப்புப் புள்ளி, வியர்வைத் துளி, ஆச்சரியக்குறி எல்லாத்தையும் அழுக்குன்னு நெனச்சு அழிச்சிருக்கு. கேள்விக்குறி மேல எழும்பும்போதே போயிடுச்சு. ஃபெலிக்ஸ் வெறுங்காத்தைப் புடிச்சு, வெறுங்காத்துல தொங்கி, ஜன்னலுக்குள்ள போறான். கீழ கமென்ட்ல ஒருத்தர் "பூனை பறக்குது, லாஜிக்கே இல்ல"ன்னு எழுதியிருக்காரு, அதுக்கு நீங்க சிரிக்கிற எமோஜி போட்டிருக்கீங்க.

60 எஃப்பிஎஸ் கதைக்கு வருவோம். ஒரு ட்ராயிங்கை ரெண்டு ஃப்ரேம் நிறுத்தி எடுக்குறது அந்தக் காலத்துல வேலையை மிச்சப்படுத்த, ஆனா அதுலயே ஒரு தாளம் வந்துச்சு, டக், டக், நில்லு, டக். பறை அடிக்கும்போது அடிக்கு நடுவுல விடுற எடைவெளிதானே ஆட வெக்குது, அந்த மாதிரி. நீங்க மெஷினை விட்டு ரெண்டு ட்ராயிங்குக்கு நடுவுல இல்லாத ட்ராயிங்கைப் புகுத்தி எடைவெளியை எல்லாம் அடைச்சுட்டீங்க. வால் கழண்டு கைத்தடியாகுற எடம் இப்ப ஜவ்வு மிட்டாய் இழுக்குற மாதிரி இருக்கு. அந்த வால் தடியாகுறது சார்லி சாப்ளின்ல இருந்து வந்தது. ஃபெலிக்ஸுக்கு முன்னாடியே அதே ஸ்டுடியோ சாப்ளினை வெச்சு கார்ட்டூன் பண்ணினாங்க, அவரோட நடையை ஒவ்வொண்ணாப் பாத்து வரைஞ்ச கை அது. 1923-ல ஹாலிவுட்டுக்குப் போற ஃபெலிக்ஸ் கதைல சாப்ளினே கார்ட்டூனா வந்து, என் சரக்கைத் திருடுறியான்னு பூனைகிட்ட சண்டைக்கு வருவாரு. திருட்டைக்கூட ஒத்துக்கிட்டு அதையே ஜோக் ஆக்கின காலம். க்ளெய்ம் போடல பாருங்க.

படத்தை இப்பத்தி அகலத் திரை அளவான 16:9 ஆக்க மேலயும் கீழயும் வெட்டினீங்க. ஃபெலிக்ஸ் கார்ட்டூன்ல பேச்சு தனி கார்டுல மட்டும் வராது, பேப்பர் காமிக்ஸ் மாதிரி தலைக்கு மேல பலூன்லயும் வரும். பலூன் பாதி வெட்டுப்பட்டு, பாதி வார்த்தை தொங்குது, அது மேல உங்க சேனல் லோகோ சுத்துது.

கலர். ஃபெலிக்ஸ் கருப்புப் பூனை, அவனுக்கு என்ன கலர் அடிப்பீங்கன்னு நானும் ஆவலாத்தான் பாத்தேன். நீல நிறம். மூஞ்சி ஒரு ஷாட்ல ரோஸ், அடுத்த ஷாட்ல மஞ்சள். உங்க இன்னொரு வீடியோல ஃப்ளைஷர் சகோதரர்களோட கோக்கோ கோமாளிக்கு ஆரஞ்சுச் சட்டை. மேக்ஸ் ஃப்ளைஷர் பேனாவை மைக்கூட்டுல தொட்டு வரைவாரு, கோமாளி மைல இருந்து எழுந்து வந்து அவர்கிட்டயே வம்பு பண்ணி, கடைசில திரும்ப மைக்கூட்டுக்குள்ளயே குதிப்பான், அந்த சீரிஸுக்குப் பேரே மைக்கூட்டுல இருந்துன்னுதான். கருப்பு மைல இருந்து வந்தவனுக்கு ஆரஞ்சுச் சட்டை எங்கிருந்து வந்துச்சு, சொல்லுங்க. கலர் அடிக்கிற ஆசை புதுசும் இல்ல, 1970-கள்ல மட் அண்ட் ஜெஃப்னு பழைய மௌன கார்ட்டூன் சீரிஸை டிவிக்காக கொரியாவுல ஒவ்வொண்ணா திரும்ப டிரேஸ் பண்ணி கலர் அடிச்சாங்க, பாருங்க எப்படி இருக்குன்னு, பாதி ட்ராயிங்கைக் காணோம். அவங்களாவது கையால கெடுத்தாங்க.

போன மாசம் நீங்க போட்ட கெர்ட்டி டைனோசரைப் பத்தியும் சொல்லியாகணும், அது என் ரீல் இல்ல, இருந்தாலும். வின்ஸர் மெக்கே 1914-ல அரிசித்தாள்ல ஆயிரக்கணக்கான படம் வரைஞ்சு செஞ்சது. அசையுற உருவத்தை மட்டும் கண்ணாடி மாதிரி செல்லுலாய்ட் ஷீட்ல வரைஞ்சு பின்னணி மேல வெக்கிறது அப்ப பழக்கத்துக்கு வரல, எர்ல் ஹர்ட்ங்கறவரு அந்த முறைக்கு பேட்டன்ட் மனுப் போட்டதே அந்த வருஷக் கடைசிலதான். அதனால டைனோசர் அசையுற ஒவ்வொரு தாள்லயும் பின்னால இருக்குற மலை, பாறை, ஏரிக்கரை எல்லாத்தையும் திரும்பத் திரும்ப வரையணும். அந்த வேலையை ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ்னு அவரோட உதவியாளர் செஞ்சாரு, கலைப்படிப்பு படிச்சுட்டு இருந்த பையன். ஒரே மலையை ஆயிரக்கணக்கான தடவை டிரேஸ் எடுத்தா கோடு ஒரு மயிரிழை நகரத்தான் செய்யும். திரைல பாத்தா மலையே மூச்சு விடுற மாதிரி லேசா நடுங்கும். நூறு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பையனோட கை நமக்குத் தெரியுற ஒரே எடம் அந்த நடுக்கம். நீங்க "ஃப்ளிக்கர் ரிமூவ்"னு போட்டு மலையைக் கல்லு மாதிரி நிறுத்திட்டு, டிஸ்க்ரிப்ஷன்ல "ஒரிஜினலை விட தெளிவு"ன்னு எழுதியிருக்கீங்க. மெக்கே அதை மேடைல போட்டவரு. கையில சவுக்கோட திரைக்குப் பக்கத்துல நின்னு டைனோசரை அதட்டுவாரு, அவரு காமிக்கிற ஆப்பிளை திரைல இருக்குற டைனோசர் வாங்கிச் சாப்புடும், கடைசில அவரே படத்துக்குள்ள போயி அது முதுகுல ஏறிப் போவாரு. எங்க அபார்ட்மென்ட் மாடில நான் அந்த மாதிரி நின்னு ஆப்பிள் நீட்டிக் காமிச்சேன், மூணாவது மாடி வீட்டு வாண்டு ஒண்ணு திரைக்குப் பின்னால ஓடிப் போயி ஆப்பிளைத் தேடுச்சு. கலரும் இல்ல, 4கே-வும் இல்ல. எட்டு வருஷம் பழைய லேம்ப், வேட்டித்துணி திரை.

தமிழ் டப்பிங் விஷயத்துல நான் உங்களுக்கு எதிரி இல்லைங்கறதையும் சொல்லிடறேன். மௌனப்படம்னா சத்தமே இல்லாம பாத்தாங்கன்னு இல்ல, அங்க தியேட்டர்ல பியானோவோ ஆர்கனோ வாசிப்பாங்க, ஜப்பான்ல பென்ஷின்னு ஆளு நின்னு கதை சொல்லுவாரு, நம்ம ஊர்லயும் மௌனப்படக் கொட்டகைல திரைக்குப் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ற ஆளு இருந்தாரு. அந்த வழில நீங்க நல்ல குரல்ல, படத்தோட போக்குக்குத் தகுந்த மாதிரி தமிழ்ல சொன்னீங்கன்னா நானே முதல் வரிசைல ஒக்காருவேன். நீங்க போட்டது அது இல்ல. ஏற்கனவே ஆயிரம் மீம்ல தேஞ்ச சினிமா வசனத்தை வெட்டி ஒட்டி, பூனை யோசிக்கிற எடத்துல எல்லாம் கத்த வெச்சிருக்கீங்க. யோசிக்கிறவன் கத்தமாட்டான்.

கடைசியா பேரு. உங்க வீடியோ கீழ "வால்ட் டிஸ்னி 1930"ன்னு போட்டிருக்கீங்க. ஃபெலிக்ஸுக்கும் டிஸ்னிக்கும் சம்பந்தமே இல்ல. ஃபெலிக்ஸ் முதல்ல 1919 நவம்பர்ல வந்தான், மிக்கிக்கு ஒம்போது வருஷம் மூத்தவன், அப்ப அவன் பேரு மாஸ்டர் டாம். பேட் சல்லிவன் ஸ்டுடியோல ஆட்டோ மெஸ்மர்ங்கறவருதான் வரைஞ்சு, கதை யோசிச்சு, வருஷக்கணக்கா அந்தப் பூனையை ஓட வெச்சவரு. திரைல வந்த பேரு முதலாளியோடது. பொம்மை, பீங்கான் கப், ஊர்வல பலூன்னு உலகம் பூரா ஃபெலிக்ஸ் வித்துச்சு, 1928-ல அமெரிக்க ரேடியோ கம்பெனி ஆர்சிஏ டிவி ஒளிபரப்பைச் சோதிச்சுப் பாத்தப்ப கேமரா முன்னாடி சுத்த விட்டது கூட ஃபெலிக்ஸ் பொம்மையைத்தான், வெறும் 60 கோடு இருந்த படத்துல. அப்பக்கூட மெஸ்மர் பேரு வெளில தெரியாது. சல்லிவன் செத்து ரொம்ப வருஷம் கழிச்சு, மெஸ்மருக்கு வயசானப்புறம்தான் ஜான் கேனமேக்கர் மாதிரி ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போயி பேசி அவருக்குச் சேர வேண்டியதைச் சேத்தாங்க. நான் ஹார்ட் டிஸ்க்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு அவர் பேரைத் தமிழ்லயும் எழுதி வெச்சிருந்தேன், காப்பி பேஸ்ட் பண்ணியிருந்தா போதும். ஒரு தடவை அந்த மனுஷன் பேரை அமுக்கினதே பத்தாதா, இப்ப ரெண்டாவது தடவை நாமளும் பண்ணணுமா?

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பேசிடலாம், க்ளெய்ம் போட்டது நீங்கதானே. அமெரிக்காவுல 1929 வரைக்கும் வெளியான படங்கள் 2025 ஜனவரி 1-ம் தேதியோட பொதுச்சொத்து ஆயிடுச்சு. இந்தியால சினிமாவுக்கு காப்பிரைட் வெளியான வருஷத்துல இருந்து 60 வருஷம்தான், அது என்னைக்கோ முடிஞ்சுது. அந்தப் படம் உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல, யாரு வேணா போடலாம். நீங்க போட்டதுக்கு நான் க்ளெய்ம் போடல, போடவும் மாட்டேன். உங்க டப்பிங் குரல் உங்களுது, அதுக்கு உரிமை கேளுங்க, நியாயம். ஆனா நான் ஏத்தினதுல உங்க டப்பிங் ஒரு செகண்ட் கூட இல்ல, படம் மட்டும்தான். "அது சிஸ்டம் தானா பண்றது"ன்னு சொல்லாதீங்க. சிஸ்டத்துக்கு இது என் சொத்துன்னு எழுதிக் குடுத்தது யாரு? அந்தப் பொட்டில டிக் போட்டது ஒரு ஆளோட விரலு. உங்க க்ளெய்மால என் வீடியோ மட்டும் இல்ல, அதே ரீலோட வேற பிரிண்ட் வெச்சிருந்த அர்ஜென்டினாக்காரர் ஒருத்தர் ஏத்தினதும் மாட்டிக்கிச்சு, அவரு எனக்கு மெசேஜ் போட்டு என்னய்யா இதுன்னு கேக்குறாரு, நான் கூகிள் டிரான்ஸ்லேட் வெச்சு மன்னிப்பு கேட்டுட்டு இருக்கேன், நான் செய்யாத தப்புக்கு. அவரு பிரிண்ட்ல என்னுதுல இல்லாத பன்னெண்டு செகண்ட் இருக்கு. என்னுதுல அவருதுல இல்லாத கேள்விக்குறி ஷாட் இருக்கு. ரெண்டையும் சேத்தா ஒரு முழுப் படம் கெடைக்கும், அந்த வேலை பாதில நிக்குது.

இனி நான் கேக்குறது.

இந்த வாரத்துக்குள்ள என் வீடியோ மேலயும் அந்த அர்ஜென்டினாக்காரரு வீடியோ மேலயும் போட்ட க்ளெய்மை வாபஸ் வாங்குங்க. வாபஸ் வாங்கினா மட்டும் பத்தாது, மௌனகாலப் படங்களை உங்க சொத்துன்னு பதிவு பண்ணி வெச்சிருக்குற லிஸ்ட்ல இருந்தே எடுத்துடுங்க, இல்லன்னா அடுத்த மாசம் வேற எவரோ மாட்டுவாங்க.

என் ரீலை வெச்சு நீங்க செஞ்ச கலர் வீடியோவை எடுக்கச் சொல்லல. ஆனா தலைப்புல "ஒரிஜினல்"ங்கற வார்த்தையை எடுத்துட்டு, கலரும் வேகமும் மெஷின் போட்டதுன்னு முதல் வரிலயே எழுதுங்க. டிஸ்னி பேரை எடுத்துட்டு மெஸ்மர் பேரைப் போடுங்க. அதே சேனல்ல, அதே அளவு தம்ப்நெயிலோட, நான் குடுத்த ஸ்கேனை டைட்டில் கார்டு, ஓரம், கீறல், தூசி எல்லாத்தோடயும் தனியா ஏத்துங்க. அதுக்கு வர்ற வ்யூஸ் நூறா இருந்தாலும் பரவாயில்ல. கெர்ட்டி வீடியோல "ஒரிஜினலை விட தெளிவு"ங்கற வரியை இன்னைக்கே தூக்குங்க, அதுக்கு வாரம் எல்லாம் வேண்டாம்.

வேற சேகரிப்பாளர்கள் கிட்ட இருந்து இனி ஏதாவது வாங்கினீங்கன்னா, வாய்ப்பேச்சு வேண்டாம், ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, என்ன பண்ணுவோம் என்ன பண்ண மாட்டோம்னு. மதுரைல ஒருத்தர் கிட்ட 9.5 மிமீ பேத்தே பேபி ரீல் இருக்கு, நடுவுல ஓட்டை வெச்ச ஃபிலிம், அதைத் தேடி உங்க ஆளு போன் பண்ணினதா கேள்விப்பட்டேன். அவர்கிட்ட இந்த லெட்டரை அனுப்பியிருக்கேன், குடுக்கறதா வேண்டாமான்னு அவரு முடிவு பண்ணட்டும்.

ஹார்ட் டிஸ்க் திரும்ப வேணும். கருப்பு கவர், மேல மஞ்சள் ஸ்டிக்கர்ல "பூனை"ன்னு பென்சில்ல எழுதியிருக்கும், டப்பால இருந்த மாதிரியே எழுதினேன். கூரியர்ல வேண்டாம், அந்தத் தம்பி கையில குடுத்து விடுங்க. கார்த்திகை மாசம் மழை விட்டதும் மாடில மறுபடி ப்ரொஜெக்டர் போடுறேன், ரீல் இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை ஓட்டத் தாங்கும்னு நெனைக்கிறேன், கேள்விக்குறி ஷாட்டை அவரு ஃபிலிம்லயே பாத்துட்டுப் போகட்டும்.